விவரம் பொருந்தவில்லை

ஜன்னலைக் கொஞ்சம் இழுத்து விடுங்க சார், சாரல் என் மடியில அடிக்குது. நான் நனைஞ்சா ஒண்ணும் இல்ல, இந்தப் பையில ஜாதகம் இருக்கு. யாருக்கும் பொண்ணு பாக்கப் போயிட்டு வரல. என் ஜாதகம்தான். அறுபது தாண்டினவன் தன்னோட ஜாதகத்தைத் தூக்கிக்கிட்டு பெங்களூருக்குப் போயிட்டு வரேன், ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக்காரன்கிட்ட நான் எப்பப் பொறந்தேன்னு நிரூபிக்கறதுக்கு. கேக்கவே அசிங்கமா இல்ல? காலைல இருந்து எனக்கு வாயெல்லாம் கசந்து கிடக்குது.

நீங்களும் கம்ப்யூட்டர் கம்பெனியா? கழுத்துல பட்டை தொங்குதேன்னு கேட்டேன். ஓ, ஆஸ்பத்திரிக்கு மெஷின் விக்கற கம்பெனியா. அப்ப சரி. தாராளமாத் திட்டலாம்.

பேரை மட்டும் என் வாயால சொல்ல மாட்டேன். சொன்னா வாய் கொப்புளிக்கணும். உங்க சட்டைப் பையில இருக்கற போன்லயும் அவன்தான் உக்காந்திருப்பான். மெயில் அவன், போட்டோ அவன், வழி காட்டறவன் அவன், வீடியோ போடற இடமும் அவனோடது. எல்லாத்துக்கும் ஒரே சாவி. அந்தச் சாவியைத்தான் என்கிட்ட இருந்து பிடுங்கிக்கிட்டான்.

நான் முனிரத்தினம், தர்மபுரி. டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல வேலை பாத்து ரிட்டயர் ஆனவன். எங்க காலத்துல லைன் செத்துப் போச்சுன்னா ஆளுங்க நேரா வருவாங்க சார். மேசையைத் தட்டுவாங்க, எங்கப்பன் ஆத்தாளை எல்லாம் இழுத்துப் பேசுவாங்க. கேட்டுக்குவோம். உக்காருங்கன்னு நாற்காலியை இழுத்துப் போடுவோம். திட்டறதுக்காவது எதிர்ல ஒரு மூஞ்சி இருந்துச்சு. இவனுக்கு மூஞ்சியே கிடையாது. மூஞ்சி இல்லாதவன்கிட்ட எங்க போய்த் துப்பறது?

அதுலயும் கொடுமை என்னன்னா, நான் அவனுக்கு எதிரி இல்ல. அவனைத் தலைமேல தூக்கி வெச்சு ஆடினவன் நான். அந்தக் கம்பெனிக்கு நெட்டுல ஒரு உதவி மன்றம் இருக்கு. எது வேலை செய்யலன்னாலும் ஜனங்க அங்க வந்து எழுதுவாங்க. பதில் சொல்றது கம்பெனி ஆளுன்னு நெனச்சுக்குவாங்க. கிடையாது. என்னை மாதிரி ரிட்டயர் ஆனவனும், வேலை தேடிக்கிட்டு இருக்கற பசங்களும்தான் சொல்றோம். தன்னார்வலர்னு பேரு. சம்பளம் ஒரு பைசா கிடையாது. நிறைய பதில் சொன்னா நம்ம பேருக்குப் பக்கத்துல ஒரு நட்சத்திரம் போடுவான். எனக்குத் தங்க நட்சத்திரம். தமிழ்ல கேக்கறவங்களுக்குப் பதில் சொல்றதுல நம்மளை மிஞ்ச ஆள் இல்ல. காபி குடிச்சுட்டு உக்காந்தா மத்தியானச் சாப்பாடு வரைக்கும் எந்திரிக்க மாட்டேன்.

தேவகி, என் வீட்டுக்காரி, அப்பப்பக் கேப்பா, அவன் கடைக்கு நீங்க எதுக்குக் காவல் காக்கறீங்கன்னு. அவளுக்கு என்ன தெரியும். வயர்க்கூடை பின்னறவ.

அந்த மன்றத்துல எப்பப் பாத்தாலும் சண்டைதான் சார். ரெண்டு கட்சி. ஒரு கட்சிக்குக் கம்பெனி எது செஞ்சாலும் குத்தம். நல்லா இருந்ததை மாத்திட்டான், ஓசியாக் குடுத்ததுக்குக் காசு கேக்கறான், நாம பேசறதை ஒட்டுக் கேக்கறான், அவனை நம்பி எதையும் வெக்காதீங்கன்னு ஒரே ஒப்பாரி. இன்னொரு கட்சி நான். ஓசியில சாப்பிட்டுட்டு உப்பு பத்தலன்னு சொல்றாங்கன்னு எழுதுவேன். நெறைய பேரு கட்டைவிரல் தூக்கிக் காட்டுவாங்க. சில பேரு என்னைக் கம்பெனி கைக்கூலின்னு எழுதுவாங்க. கூலியே வாங்காதவனைக் கைக்கூலிங்கறான் பாருங்க.

தூத்துக்குடியில இருந்து ஜெசிந்தான்னு ஒரு அம்மா. தையல் வகுப்பு நடத்தறவங்க. அவங்க கணக்கைக் கம்பெனி பூட்டிட்டான். ஜாக்கெட் வெட்டறது, சுடிதார் அளவெடுக்கறதுன்னு சொல்லிக் குடுத்த வீடியோ பூரா அதுல போச்சு. அழுது எழுதியிருந்தாங்க. என்னன்னு பாத்தா, கணக்கு ஆரம்பிக்கும்போது ஒரு விவரம் குடுத்திருக்காங்க, ஆதார்ல வேற விவரம் இருக்கு. நான் வழக்கமா ஒரு பதில் வெச்சிருப்பேன். அதை ஒட்டிவிட்டேன். "விதிகளைப் படித்துப் பாருங்கள். தவறு பெரும்பாலும் பயனர் பக்கமே இருக்கும். பொறுமைக்கு நன்றி." அந்த வாக்கியம் நான் எழுதினது சார். எவ்வளவு கச்சிதமா இருக்கு பாருங்க. கம்பெனியே அதை மாதிரிப் பதில்னு எடுத்து எல்லாத் தன்னார்வலருக்கும் அனுப்பிச்சான்.

அந்தம்மா அதோட போயிருக்கலாம். போகல. வேற பேருல கணக்கு ஆரம்பிச்சு, மன்றத்துலயே உக்காந்துக்கிட்டாங்க. யார் புதுசா வந்தாலும் உங்க பொருளை உங்க கையிலயும் ஒரு நகல் வெச்சுக்குங்கன்னு சொல்றது. வாடகை வீட்டுல எவ்வளவு ஆணி அடிச்சாலும் வீடு நம்மளது ஆகாதுன்னு ஒரு நாள் எழுதுனாங்க. நான் விட்டேனா? வாடகையே குடுக்காம இருக்கறவங்க ஆணியைப் பத்திப் பேசலாமான்னு கேட்டேன். அன்னைக்கு என் பதிலுக்கு விழுந்த கட்டைவிரலைப் பாக்கணும் நீங்க.

இப்பப் பொறந்த தேதி விஷயத்துக்கு வரேன். அது தெரிஞ்சாத்தான் உங்களுக்கு இந்த அக்கிரமம் புரியும்.

என்னை ஸ்கூல்ல சேக்கப் போனப்ப தலைக்கு மேல கையைச் சுத்தி அந்தப் பக்கத்துக் காதைத் தொடச் சொன்னாங்க. தொட்டேன். வயசு பத்தலன்னாலும் காது எட்டிடுச்சு. ஹெட்மாஸ்டர் எங்கப்பாகிட்டத் தேதி கேட்டார். ஐப்பசி மாசம் அடைமழையில பொறந்தான் சார்னு அப்பா சொன்னார். ஐப்பசின்னா வயசு பத்தாது, சேக்க முடியாதுன்னுட்டு அவரே ஜூன் ஒண்ணுன்னு போட்டுக்கிட்டார். எனக்கு மட்டும் இல்ல. எங்க வகுப்புல பாதிப் பேரு ஜூன் ஒண்ணாம் தேதிதான் பொறந்தோம். எஸ்.எஸ்.எல்.சி புக்குல ஜூன் ஒண்ணு, வேலையில ஜூன் ஒண்ணு, ரேஷன் கார்டு, பேங்க், ஆதார் எல்லாத்துலயும் ஜூன் ஒண்ணு. அதனால சில மாசம் முந்தியே என்னை ரிட்டயர் பண்ணியும் அனுப்பிச்சாங்க. ஆபீஸ்ல ஜூன் ஒண்ணாம் தேதி கை குடுப்பாங்க. நானும் சிரிச்சுக்கிட்டே வாங்கிக்குவேன். அடுத்தவன் பொண்டாட்டிக்கு வந்த சீமந்தப் புடவையை வாங்கிக்கற மாதிரி ஒரு கூச்சம் இருக்கும்.

அந்தக் கம்பெனியில கணக்கு ஆரம்பிச்சப்ப, பொறந்த தேதின்னு கேட்டான். ஒரு நிமிஷம் யோசிச்சேன் சார். இங்கயாச்சும் நெசத்தைச் சொல்லுவோமேன்னு தோணுச்சு. ஜாதகத்தைப் பாத்து, விகாரி வருஷத்து ஐப்பசியை இங்கிலீஷ் தேதிக்கு மாத்தி, அதைப் போட்டேன். கவர்மெண்டுகிட்டச் சொல்லாத உண்மையை அவன்கிட்டச் சொன்னேன். என் ஆயுசுல தேதி விஷயத்துல நான் உண்மை பேசின ஒரே இடம் அதுதான்.

முதல் வருஷம், ஐப்பசியில, அந்தத் தேதியன்னைக்குக் காலைல திறக்கறேன், திரை பூரா பலூன். ஒரு கேக்கு. என் பேரைப் போட்டு வாழ்த்து. நான் அப்படியே உக்காந்துட்டேன். அம்மா அப்பா போனதுக்கப்புறம் அந்தத் தேதியை எவனும் சொல்லிக் கேட்டதில்ல. போனை எடுத்துக்கிட்டு அடுப்படிக்கே போனேன், பாத்தியா, அமெரிக்காக்காரனுக்குத் தெரியுதுன்னு தேவகிகிட்டக் காட்டினேன். அவ கையைத் துடைச்சுக்கிட்டுப் பாத்தா. சரி, சாப்பிடுங்கன்னு ஒரு கிண்ணம் பால் பாயசத்தை முன்னால வெச்சா. என்னடி விசேஷம்னேன். பால் மிஞ்சிச்சுன்னா. அவ எப்பவும் அப்படித்தான், எதைக் காட்டினாலும் ஒரு ஆச்சரியம் இருக்காது. நாலு வார்த்தை நல்லதாச் சொல்ல வராது.

அதுலருந்து வருஷா வருஷம் பலூன். தீபாவளியை விட அந்தக் காலைக்குத்தான் நான் காத்துக்கிட்டு இருப்பேன். சின்னப் புள்ளைத்தனம்னு வெச்சுக்குங்க. அந்த நன்றிக்குத்தான் நான் அவனுக்காக ஊரெல்லாம் சண்டை போட்டேன்.

போன ஆவணியில அவன்கிட்ட இருந்து ஒரு சேதி. தங்க நட்சத்திரக்காரங்க வைர நட்சத்திரத்துக்கு விண்ணப்பிக்கலாம், அடையாள அட்டையை மட்டும் அனுப்புங்கன்னு. நான் வைரத்துக்கு எவ்வளவு ஆசைப்பட்டேன்னு உங்ககிட்ட மறைக்கறதுக்கு என்ன இருக்கு. ஆதாரைப் போட்டோ எடுத்து அனுப்பிச்சேன். அனுப்பிச்சுட்டு, தேவகிகிட்ட ஒரு டீ போடுன்னு சொல்லி, டீ வர்றதுக்குள்ள திரை வெள்ளையாப் போச்சு. "விவரம் பொருந்தவில்லை. தவறான பிறந்த தேதி தந்ததால் உங்கள் கணக்கு நிறுத்தப்படுகிறது." அவ்வளவுதான். மெயில் போச்சு, போட்டோ போச்சு, நட்சத்திரம் போச்சு. பொய்த் தேதியை ஊர் பூராக் குடுத்தவனை ஒருத்தனும் ஒண்ணும் செய்யல. நெசத்தைச் சொன்ன இடத்துல என்னைப் பொய்யன்னு எழுதிட்டான் சார்.

தேவகி டீயைக் கையில வெச்சுக்கிட்டு நின்னா. விஷயத்தைச் சொன்னேன். என் வைரம் போச்சுன்னு சொன்னேன். அவ ஒண்ணுதான் கேட்டா. "என் கூடையெல்லாம்?"

ஆமா, அதுவும் அதுலதான் இருந்துச்சு. அவ வயர்க்கூடை பின்னறதை வீடியோ போட்டுக்கிட்டு இருந்தா. சிவன் கண், நெல்லிக்காய் முடிச்சு, பிஸ்கட் கூடைன்னு பல வருஷமா. முகம் காட்ட மாட்டா, வெறும் கை மட்டும்தான் தெரியும். அதுக்கே மலேசியாவுல இருந்தெல்லாம் எழுதுவாங்க. அக்கா, அந்தக் கைப்பிடியை இன்னொரு வாட்டி மெதுவாக் காட்டுங்கன்னு. இவளும் காட்டுவா. ஒரு பொண்ணு, புருஷன் செத்து மூலையில உக்காந்திருந்தவ, உங்க கையைப் பாத்துப் பாத்து எந்திரிச்சேன் அக்கான்னு எழுதியிருந்தாளாம். அதைப் படிச்சுட்டு ரெண்டு நாளைக்கு ஒரு மாதிரி இருந்தா. எனக்குத் தனியா ஒரு கணக்கு வெச்சுக் குடுங்கன்னு ஆரம்பத்துல கேட்டா. நமக்குள்ள எதுக்குத் தனித்தனின்னு நான்தான் என் கணக்குலயே போட்டுவிட்டேன். ஒரே சாவியா இருந்தா சுலபம்னு. நகல் எடுத்து வெக்கலாமான்னும் ஒரு வாட்டி கேட்டா. கம்பெனியை விடப் பத்திரமான இடம் எதுடின்னு கேட்டேன். இப்ப அந்தக் கூடை விஷயத்தை விடுங்க, நான் சொல்ல வந்தது வேற.

மன்றத்துல வேற கணக்குல போய் எழுதினேன். நான் முனிரத்தினம், தங்க நட்சத்திரம், என் கணக்கைப் பூட்டிட்டாங்க, ஸ்கூல்ல போட்ட தேதி வேற, பொறந்த தேதி வேற, நம்ம ஊர்ல இது சகஜம்னு விளக்கமா எழுதினேன். முதல் பதில் யார்கிட்ட இருந்து? அம்பத்தூர்ல இருந்து கோகுல்நாத்துன்னு ஒருத்தன். நான் வளத்துவிட்ட பையன் சார். பதில் எப்படி எழுதணும்னு நான்தான் அவனுக்கு உக்கார வெச்சு சொல்லிக் குடுத்தேன். என்ன எழுதினான் தெரியுமா? "விதிகளைப் படித்துப் பாருங்கள். தவறு பெரும்பாலும் பயனர் பக்கமே இருக்கும். பொறுமைக்கு நன்றி."

என் வாக்கியம். ஒரு புள்ளி மாறல. நன்றி கெட்ட ஜென்மம். கஷ்டத்துல இருக்கற மனுஷன்கிட்ட எப்படிப் பேசணும்னு ஒரு விவஸ்தை வேண்டாம்? இந்தக் காலத்துப் பசங்களுக்கு மனசுங்கறதே இல்ல சார். கல்லு.

ரெண்டாவது பதில் அந்தத் தூத்துக்குடி அம்மா. சந்தோஷப்பட்டுக்கிட்டு வந்திருப்பாங்கன்னு நெனச்சுத்தான் படிச்சேன். அண்ணே, வருத்தமா இருக்கு, உங்க கணக்குல இருந்த கூடை வீடியோவை நானும் பாத்திருக்கேன், அது அக்கா கைதானே, ஒரு ரெண்டு மூணு வீடியோவை நான் என் போன்ல இறக்கி வெச்சிருக்கேன், அக்கா நம்பர் குடுங்க, புதுசா ஆரம்பிக்க நான் கூட இருந்து சொல்லித் தரேன்னு எழுதியிருந்தாங்க. நடிப்பைப் பாத்தீங்களா? உதவி பண்ற மாதிரி வந்து, நகல் வெச்சுக்கோன்னு அன்னைக்கே சொன்னேனேன்னு குத்திக் காட்டறது. நான் பதிலே போடல. தேவகிகிட்டயும் சொல்லல. அவளுக்கு எதுக்கு இந்த மன்றத்துச் சாக்கடையெல்லாம்.

அவ அன்னையில இருந்து என்கிட்ட அதிகம் பேசறதில்ல. கோபம்னு சொல்ல முடியாது, சோறு போடறா, துணி துவைக்கறா. மத்தியானம் ஜன்னல் கிட்ட உக்காந்துக்கிட்டு ஒரு நெல்லிக்காய் முடிச்சைப் போடுவா, அவுப்பா, திரும்பப் போடுவா. கூடையா அது வளரவே இல்ல. வழக்கம் போல மாசாமாசம் பூரட்டாதி அன்னைக்கு மட்டும் கோயிலுக்குக் கொண்டு போய் விடச் சொல்வா. நான் வெளியில வண்டியிலயே உக்காந்திருப்பேன். அர்ச்சனைச் சீட்டு வாங்கி உள்ள போயிட்டு வந்து விபூதியை என் நெத்தியில தீட்டுவா. எனக்கு அதுல எல்லாம் நம்பிக்கை கிடையாது.

சரி, நேர்லயே போவோம்னு இன்னைக்குக் கிளம்பினேன். ஜாதகத்தை எங்க வெச்சேன்னு பீரோவைக் கவுத்துப் போட்டுத் தேடிக்கிட்டு இருந்தேன். தேவகி வந்தா, அவ புடவைக்கு அடியில கையை விட்டா, எடுத்துக் குடுத்தா. ஒரு நொடி ஆகல. மஞ்சள் தடவி, பிளாஸ்டிக் உறை போட்டு வெச்சிருக்கா. என் சாமானை என்கிட்டச் சொல்லாமத் தூக்கி வெச்சுக்கற பழக்கம் அவளுக்கு எப்பவும் உண்டு.

பெங்களூருல அந்தக் கட்டடத்தைப் பாக்கணும் நீங்க. பூராக் கண்ணாடி. உள்ள இருக்கறவன் நம்மளைப் பாக்கலாம், நாம பாத்தா நம்ம மூஞ்சிதான் தெரியுது. வாசல்ல செக்யூரிட்டி, யாரைப் பாக்கணும்னு கேட்டான். கம்பெனியைப் பாக்கணும்னேன். அப்படி யாரும் இல்லன்னான். மழையில நின்னேன். கடைசியில காபி வாங்க வெளியில வந்த ஒரு பொண்ணு தமிழ் பேசுச்சு. முழுசாக் கேட்டுச்சு, பாவம். ஜாதகத்தை ரெண்டு கையாலயும் வாங்கி, விகாரி வருஷம், ஐப்பசி, பூரட்டாதின்னு எழுத்துக் கூட்டிப் படிச்சுச்சு. படிச்சுட்டு, நாங்க இங்க விளம்பரம் விக்கறவங்க சார், கணக்கு விவகாரம் பாக்கறவங்க யாரு எங்க இருக்காங்கன்னு எங்களுக்கே தெரியாதுன்னுச்சு.

"அப்ப நான் யார்கிட்டம்மா கேக்கறது?"

"உதவி மன்றம்னு ஒண்ணு இருக்கு சார். அங்க எழுதுங்க, தன்னார்வலர் யாராச்சும் பதில் சொல்லுவாங்க."

"நான்தாம்மா அந்தத் தன்னார்வலர்."

அந்தப் பொண்ணு மன்னிச்சுக்குங்க சார்னு சொல்லிட்டு உள்ள போயிடுச்சு. கண்ணாடிக் கதவு தானா மூடிக்கிச்சு. நான் என் மூஞ்சியைக் கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டு நின்னுட்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். எவ்வளவு பெரிய கட்டடம், எவ்வளவு லைட்டு, உள்ள ஒரு மனுஷன் இல்ல. சீ.

ஓசூர் தாண்டிட்டமா? பசிக்குது. காலைல அந்த எரிச்சல்ல ஒண்ணும் இறங்கல. தேவகி டப்பா வெச்சுக் குடுத்தா, இந்தக் கூடையில. இதுவும் அவ பின்னினதுதான், சிவன் கண். திறக்கவே இல்ல பாருங்க, இட்லியாத்தான் இருக்கும். ஒரு கை பிடிங்க.

அட. ஒப்பட்டு.

இதைப் பாருங்க சார். பருப்பு ஒப்பட்டு, போளின்னு சொல்வாங்களே, அதான். பருப்பை வேக வெச்சு, வெல்லம் போட்டு அரைச்சு, ஒவ்வொண்ணா இலையில தட்டி எடுக்கணும். யுகாதிக்குக் கூட இப்பல்லாம் கடையிலதான் வாங்கறோம். நான் விடியக்காலை பஸ்ஸுக்குக் கிளம்பினேன், இவ எப்ப எந்திரிச்சு இதைச் செஞ்சான்னு தெரியல. கேட்டிருந்தா பருப்பு மிஞ்சிச்சுன்னு சொல்லியிருப்பா. ஒரு வருஷம் பால் மிஞ்சும், ஒரு வருஷம் ரவை மிஞ்சும், போன வருஷம் தேங்கா. ஐப்பசி வந்தா அவளுக்கு எதாச்சும் ஒண்ணு மிஞ்சிப் போகும். இத்தனை வருஷமாக் குடும்பம் நடத்தியும் அளவாச் சமைக்கத் தெரியல.

ஏன் சார் என்னையே பாக்கறீங்க? என்ன கேட்டீங்க, பொறந்த நாளா? இன்னைக்குத்தான். ஆமா, இன்னைக்கேதான், அதுக்கென்ன இப்ப. கணக்கு இருந்திருந்தா காலைல பலூன் வந்திருக்கும். இப்பப் போனைப் பாருங்க, எப்படி இருட்டிக் கிடக்குன்னு. இந்தத் தேதி உலகத்துல ஒரே ஒருத்தனுக்குத்தான் தெரிஞ்சிருந்துச்சு, அவனும் என்னைத் துடைச்சுப் போட்டுட்டான்.

எடுத்துக்குங்க சார். கூச்சப்படாம ரெண்டா எடுத்துக்குங்க. நெய் சொட்டுது பாருங்க, நான் ஒருத்தன் இத்தனையும் தின்னு என்ன பண்ணப் போறேன்.